படம் எடுக்கும் முன்னே



நல்லூர் யாழ்ப்பாணத்து அரசர்களின் தலைநகராய் விளங்கிய காலத்தில், அங்கே சரசுவதி மகாலயம் என்னும் ஏட்டுச்சாலை இருந்ததென்பது மரபு. 1619ஆம் ஆண்டு அவ்வரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. எனினும் செகராசசேகரம் முதலிய அக்கால நூல்கள் நம்மை வந்தடைந்தன. பல கைகள் அவற்றைப் படியெடுத்துப் பேணியமையே அதற்குக் காரணம்.

1822ஆம் ஆண்டு நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலரும், சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளை அச்சேற்றி அப்பணியைத் தொடர்ந்தனர். ஆயினும் 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே படியாய் இருந்தவை ஒரே இரவில் இல்லாமற் போயின. 2005ஆம் ஆண்டு தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களைப் படமாக்கி எவரும் படிக்க வைத்துள்ளது.

படமெடுப்பது எளிது; அதற்கு ஆயத்தம் செய்வதே அரிது. கயிற்றை அவிழ்க்குமுன் கட்டின் நிலையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் மென்றூரிகையால் தூசு நீக்கி, ஓரத்திலுள்ள தமிழ் எண்களைக் கொண்டு ஏடுகளை ஒழுங்குபடுத்துவர். 47ஆம் ஏடு இல்லையாயின், இல்லை என்றே எழுதி வைப்பர். எழுத்து மங்கியிருப்பின், தக்கார் கரிமை தடவித் துலக்குவர். உலர்ந்த ஏட்டிற்குப் புல்லெண்ணெய் பூசுவர். ஒட்டிய ஏடுகளை வலிந்து பிரித்தல் தகாது. அச்சு நூலாயின் துருவேறிய ஊசிகளை அகற்றி, பக்கங்களை எண்ணிச் சரிபார்த்தல் வேண்டும்.

இவ்வளவும் எதற்கு எனலாம். கருவி கண்டதைக் காட்டுமேயன்றி, முன்பின் அறியாது. நிலை குலைந்த கட்டினைப் படமெடுத்தால் அக்குழப்பமே நிலைத்துவிடும். மூல ஏடு பின்னர் செல்லரித்துப் போமாயின், அதனைத் திருத்த வழியேது? பெயரும் விவரமும் எழுதப்படாத படமோ, தேடுவோர் கண்ணிற்படாது, இருந்தும் இல்லாததே.

உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டனார் வைத்த ஏட்டுக்கட்டு ஒன்று இருக்கலாம். அதனை நீரிற் கழுவாதீர்கள், வெயிலில் உலர்த்தாதீர்கள், கட்டை அவிழ்க்காதீர்கள். அது யாருடையது, எவ்வழி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்து, அறிந்தோரிடம் காட்டுங்கள். அந்தச் சிறு குறிப்பே ஆயத்தத்தின் முதற்படியாகும்.