கணினி கொதித்து நிற்கிறதா? லிக்குவிட் கூலர் உள்ள பெட்டியில் பழுதைத் தேடும் வழி

கடந்த வைகாசியில் இரண்டு மணி நேர நேர்காணல் ஒன்றை எடிற் செய்து முடித்து, இறுதிக் கோப்பாக வெளியெடுத்துக்கொண்டிருந்தேன். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் பேசிய பதிவு அது. 40 சதவீதத்தில் திரை கறுத்தது. மறுபடி போட்டேன், அதைத் தாண்டவில்லை. மூன்றாம் தடவை எடிற்றிங் கோப்பே திறக்கவில்லை. அந்த அம்மாவிடம் போய் "இன்னொருக்கா சொல்லுங்கோ" என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. நல்லவேளை, மூலக் காணொளி வட்டில் பத்திரமாக இருந்தது. எடிற்றிங் கோப்பின் தானியங்கிப் பிரதியும் கிடைத்தது.

கோளாறு வட்டில் இல்லை. செயலியின் சூடு 100 பாகை செல்சியஸைத் தொட்டிருந்தது. அன்றிலிருந்து நான் படித்ததையும் கையால் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு புதுக் கணினி வாங்குவது நம்மில் பலருக்கு எட்டாக் கனியாகிவிட்டது. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவுகள் அனுப்பிய பழைய பெட்டிகளில்தான் நிறையப் பேர் வேலை செய்கிறோம். அப்படி வருபவற்றில் லிக்குவிட் கூலர் பூட்டியவையும் உண்டு.

எதையும் கழற்றுவதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் பிரதி எடுத்துவிடுங்கள். சூடு வட்டை அழிப்பதில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி நின்றால் அந்தக் கோப்பு சிதையலாம். வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரேயொரு படத்தின் ஸ்கான் பிரதி அந்தக் கணினியில் மட்டும் இருக்கிறதென்றால், இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

லிக்குவிட் கூலர் வேலை செய்யும் விதம் எளிமையானது. செயலியின் மேல் ஒரு செப்புத் தகடு, அதற்கு மேல் சிறிய பம்ப், அதிலிருந்து இரண்டு குழாய்கள், மறுமுனையில் விசிறி பூட்டிய ரேடியேற்றர். தகடு சூட்டை உறிஞ்சுகிறது, நீர் அதைக் காவிச் செல்கிறது, விசிறி காற்றில் விடுகிறது. மோட்டார் சைக்கிள், வான் ரேடியேற்றர் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. அறைக் காற்றைவிடக் குளிராக இது எதையும் ஆக்காது. யாழ்ப்பாணத்து மதியத்தில் தகரக் கூரையின் கீழ் அறை 34 பாகை என்றால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

அடுத்து, எது நோய், எது இயல்பு என்று பிரித்தறிய வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் கடும் வேலையில் 95 பாகை வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் அண்மைக்கால மேசைக் கணினிச் செயலிகள் பலவற்றுக்கு எல்லை 100 பாகை. எல்லையைத் தொட்டதும் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வேலை மந்தமாவதுதான் சூட்டின் முதல் அடையாளம். கணினி பட்டென்று நிற்கிறதென்றால் வேகம் குறைத்தும் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று பொருள். குளிரூட்டல் ஏறக்குறைய முழுதாக நின்றிருக்க வேண்டும். சூடு 70, 75 பாகையில் இருக்கும்போதே கணினி நின்றால் கூலரைக் குறை சொல்லாதீர்கள். அங்கே சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையை அல்லது மின்சாரத்தை.

எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். செயலியின் சூடு, பம்பின் சுற்று வேகம், விசிறிகளின் வேகம் மூன்றையும் அது காட்டும். பிறகு கனமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். என் அனுபவத்தில், எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு நேரத்தில் சூடு ஏறியது என்பதுதான் அதிகம் சொல்லும்.

வேலை தொடங்கிய சில வினாடிகளிலேயே 100 ஐத் தொட்டால் சூடு தகட்டுக்கே போய்ச் சேரவில்லை. தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், திருகாணி தளர்ந்திருக்கலாம். கப்பலில் குலுங்கி வந்த பெட்டிகளில் இதை முதலில் பாருங்கள். செப்புத் தகட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் தாளை உரிக்காமலே பூட்டியவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம், அனுபவசாலிகளும் செய்யும் பிழை அது. இன்னொன்று, இன்டெலின் எல்ஜிஏ 1200 சொக்கற்றுக்கான பூட்டு எல்ஜிஏ 1700 க்குப் பொருந்தாது. துளைகளின் இடைவெளியும் செயலியின் உயரமும் வேறு. பழைய கூலரை எப்படியோ வளைத்துப் பூட்டியிருந்தால் தகடு செயலியில் சரியாக அமராது.

சூடு மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து ஏறினால் தகட்டில் குறை இல்லை. நீர் சூட்டை வாங்குகிறது, ரேடியேற்றரால் வெளியே விட முடியவில்லை. நமது பக்கம் இதற்குக் காரணம் பெரும்பாலும் தூசி. செம்மண் புழுதியும் நுளம்புச்சுருள் புகையும் சேர்ந்து ரேடியேற்றரின் இடுக்குகளில் ஒரு கம்பளத்தையே நெய்துவிடும். விசிறியைக் கழற்றாமல் அது கண்ணில் படாது. தூரிகையாலும் காற்று ஊதியாலும் துப்புரவாக்குங்கள். ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் அது கெட்டுப்போகலாம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் இழுத்து வையுங்கள்.

மூன்றாவது வகைதான் எனக்கு வாய்த்தது. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே 70 க்கு மேல், வேலை கொடுத்ததும் ஓரிரு நிமிடத்தில் நிற்பு. கையை வைத்துப் பார்த்தேன். செயலி கொதிக்கிறது, ரேடியேற்றரோ தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஒரு குழாய் சூடு, மற்றது குளிர். நலமாக ஓடும் கூலரில் இரு குழாய்களும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பாக இருக்கும். நீர் ஓடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மென்பொருளில் பம்பின் வேகம் இடையிடையே பூச்சியத்துக்கு விழுந்தது. இதே பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு திருத்துமிடத்தில் மதர்போட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

பம்ப் செத்தது என்று முடிவுகட்டுமுன் அதன் வயரைப் பாருங்கள். மதர்போட்டில் பம்புக்கென்று இருக்கும் முனையில் பூட்டி, பயோஸில் அதை முழு வேகத்துக்கு வைக்க வேண்டும். சாதாரண விசிறி முனையில் பூட்டினால், பெட்டி குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து மதர்போட் பம்பின் வேகத்தைக் குறைத்துவிடும். சில கூலர்கள் பவர் சப்ளையிலிருந்து வரும் சாட்டா வயரில் மின் எடுக்கும், அது கழன்றிருக்கலாம். கொளகொளவென்று சத்தம் கேட்டால் காற்று சிக்கியிருக்கிறது. ரேடியேற்றரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று பம்பில் வந்து குந்தும். அப்படியானால் ரேடியேற்றரை இடம் மாற்றிப் பூட்ட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நீர் ஓடாவிட்டால் உள்ளே அடைப்பு, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. அடைப்பு கற்பனை அல்ல. 2021 இல் எம்எஸ்ஐ நிறுவனமே தன் கூலர்கள் சிலவற்றை உள்ளே படிவு அடைக்கிறது என்று திரும்பப் பெற்றது. இந்தக் கூலர்கள் மூடி முத்திரையிட்டவை. திறந்து குழாய்த்தண்ணீர் நிரப்பும் யோசனை சொல்பவர்களை நம்பவேண்டாம். குழாயின் வழியே நீர் வருடக்கணக்கில் மெல்ல ஆவியாகும். ஐந்தாறு வருடம் ஓடியிருந்தால் அது தன் காலத்தை வாழ்ந்துவிட்டது. பூட்டு வாய்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு தெரிந்தால் கசிவு. உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள்.

பேஸ்ட் மாற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏஎம்4 செயலிகள் கூலரோடு ஒட்டிச் சொக்கற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். சில நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்திப் பிளக்கைக் கழற்றியபின் கூலரை மெல்லத் திருகி எடுங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். திருகாணிகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

நாளைக்கே வேலையைக் கொடுத்தாக வேண்டும், ஆனால் கணினி மெதுவாகத்தான் சூடேறுகிறது என்றால் ஒரு தற்காலிக வழி உண்டு. விண்டோஸின் மின் அமைப்புகளில் செயலியின் உச்ச அளவை 100 இலிருந்து 99 சதவீதமாக்குங்கள். பல கணினிகளில் இது மேலதிக வேகத்தை நிறுத்தி, சூட்டை நன்றாகக் குறைக்கும். பம்ப் நின்றுபோன கணினியில் இதைச் செய்து பயனில்லை.

நான் இன்னொரு லிக்குவிட் கூலர் வாங்கவில்லை. இரண்டு விசிறி பூட்டிய காற்றுக் கூலர் ஒன்றைப் போட்டேன். உயரமானது, அழகில்லை, பெட்டியின் பக்கக் கதவு மட்டுமட்டாகத்தான் மூடியது. ஆனால் விசிறி நின்றால் கண்ணுக்குத் தெரியும், வேறு விசிறி எந்தக் கடையிலும் கிடைக்கும். அன்றிரவு அந்த அம்மாவின் பதிவு 100 சதவீதம் வரை ஓடியது. சூடு 82 பாகைக்கு மேல் ஏறவில்லை.