பிறவாத தலைமுறையின் பங்கு: ஸவாத் நிலம் கற்பிக்கும் வரலாறு

ஃபுராத், திஜ்லா என்னும் இரு நதிகள் வளப்படுத்திய இராக்கின் சமவெளியை அரபிகள் ‘ஸவாத்’ என்று அழைத்தார்கள். ஸவாத் என்றால் கருமை. மணல்வெளியிலிருந்து வருபவரின் கண்ணுக்கு, பேரீச்சந் தோப்புகளும் கோதுமை வயல்களும் அடர்ந்த அந்தப் பசுமை தொலைவில் கருமையாகத் தோன்றியதால் அப்பெயர் ஏற்பட்டது. பாரசீகச் சாஸானியப் பேரரசின் களஞ்சியமாக விளங்கிய அந்நிலம், காதிஸிய்யாப் போருக்கும் மதாயின் நகரின் வீழ்ச்சிக்கும் பிறகு, ஹிஜ்ரி 16-ஆம் ஆண்டளவில் (கி.பி. 637) முஸ்லிம்களின் ஆளுகைக்குள் வந்தது.

அப்போது மதீனாவில் மூன்று கேள்விகள் எழுந்தன. இந்நிலம் யாருக்கு உரியது? அதை உழுபவருக்கு அரசு செய்ய வேண்டிய கடமை என்ன? விளைநிலத்தைப் பணமுள்ளவர் விருப்பம்போல் விலைபேசி வாங்கலாமா? இன்றைக்கும் உழவை நம்பி வாழும் நாடுகள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்விகள் இவை. உமர் இப்னுல் கத்தாப் (ரழி) அவர்கள் இவற்றுக்கு அளித்த விடையும், அந்த விடை பேணப்பட்டபோதும் கைவிடப்பட்டபோதும் நிகழ்ந்தவையும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

பங்கிடுவதா, நிறுத்தி வைப்பதா?

போரில் கிடைத்த நிலத்தையும் போர்வீரர்களுக்கே பங்கிட்டுத் தர வேண்டும் என்று ஸஹாபாக்களில் ஒரு சாரார் கோரினர். பிலால் (ரழி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) ஆகியோர் அவர்களில் இருந்தனர். இக்கோரிக்கை ஆதாரமற்றதன்று. நபி (ஸல்) அவர்கள் கைபர் நிலத்தைப் பங்கிட்டிருந்தார்கள். உமர் (ரழி) அவர்களோ நிலத்தை அதன் உழவர்களிடமே விட்டுவிட்டு, அதிலிருந்து ‘கராஜ்’ என்னும் நிலவரியைப் பெற்று, அதைச் சமுதாயம் முழுவதற்கும் செலவிட வேண்டும் என்று கருதினார்கள்.

முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களின் ஆலோசனை இங்கே நினைவுகூரத் தக்கது. இன்று பங்கிட்டால் பெரும் வருவாய் சிலரின் கையில் சேரும். அவர்கள் மறைந்த பின் அது ஒரே ஆணிடமோ ஒரே பெண்ணிடமோ போய்ச் சேர்ந்துவிடும். பின்னர் வரும் மக்களுக்கு எதுவும் எஞ்சாது. ஆகவே முன்னவருக்கும் பின்னவருக்கும் போதுமான ஒரு வழியைத் தேடுங்கள் என்பது அவர்கள் கருத்தின் சாரம். நிலம் ஒருமுறை தனியுடைமையாகக் குவியத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதை அப்பெருந்தகை முன்கூட்டியே கண்டார்கள்.

விவாதம் இரண்டு மூன்று நாள்கள் நீடித்தது. உமர் (ரழி) அவர்கள் தம் அதிகாரத்தைக் கொண்டு அதை முடித்துவிடவில்லை. அவ்ஸ் குலத்தாரில் ஐவரையும் கஸ்ரஜ் குலத்தாரில் ஐவரையும் அழைத்து, தம் வாதத்தை அவர்கள்முன் வைத்தார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியது அல்ஹஷ்ர் அத்தியாயம். அதில் போரின்றிக் கிடைக்கும் செல்வத்துக்கு உரியவர்களை அல்லாஹ் வரிசைப்படுத்தும்போது முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் கூறியதோடு நிறுத்தாமல், அவர்களுக்குப் பின் வருபவர்களையும் சேர்த்துக் கூறுகிறான். பின் வருபவர்களுக்கும் பங்கு உண்டென்றால், இருப்பவர்கள் மட்டும் அதை எவ்வாறு பகிர்ந்துகொள்ள முடியும்? இந்த வாதத்தை அவையோர் ஏற்றனர். நிலம் உழவர்களிடமே விடப்பட்டது.

இத்தீர்ப்பில் தனிமனித உரிமை மிதிபடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பஜீலா குலத்தாருக்கு ஸவாதின் காற்பங்கு முன்பே வழங்கப்பட்டு, சில ஆண்டுகள் அவர்கள் அதன் வருவாயைப் பெற்று வந்தனர். அதைத் திரும்ப ஒப்படைக்கும்படி கேட்கப்பட்டபோது அக்குலத்துப் பெண்மணியான உம்மு குர்ஸ் எளிதில் இணங்கவில்லை. தம் தந்தை இறந்துவிட்டார் என்றும், சாதுவான ஒட்டகம் ஒன்றின்மேல் சிவப்புப் பட்டு விரித்துத் தம்மை ஏற்றி, இரு கைகளையும் பொன்னால் நிரப்பினாலன்றித் தம் பங்கை விட்டுத்தர இயலாது என்றும் கூறினார். கலீஃபா அவர்கள் அவ்வாறே நிறைவேற்றினார்கள். உரியவரின் மனப்பொருத்தம் இன்றி ஸவாத் பொதுநிலம் ஆகவில்லை என்பதை விளக்க, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) போன்ற சட்ட மேதைகள் பஜீலாவின் இந்நிகழ்வை எடுத்துக்காட்டினார்கள்.

நிலத்தின் தாங்கும் ஆற்றல்

வரி விதிக்குமுன் நிலம் அளக்கப்பட்டது. இப்பணிக்கு உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரழி), ஹுதைஃபா இப்னுல் யமான் (ரழி) ஆகிய இருவரும் அனுப்பப்பட்டனர். ஸவாதின் பரப்பு 3 கோடியே 60 லட்சம் ஜரீப் எனக் கணக்கிடப்பட்டதாக அறிவிப்புகள் கூறுகின்றன. ஒரு ஜரீப் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 40 செண்ட் நிலம். வரியளவு பற்றிய அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அவற்றுள் ஒன்றின்படி ஒரு ஜரீப் கோதுமைக்கு 4 திர்ஹம், வாற்கோதுமைக்கு 2 திர்ஹம், திராட்சைக்கு 10 திர்ஹம். எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும் என்று எண்ணிப் பார்த்து விதித்த வரி என்பது இதனால் விளங்குகிறது.

உமர் (ரழி) அவர்கள் கத்தியால் குத்தப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் நிகழ்ந்த ஓர் உரையாடல் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மதீனாவில் அவ்விரு அதிகாரிகளையும் நிறுத்தி, அந்நிலத்தால் தாங்க இயலாததை அதன்மேல் சுமத்திவிட்டீர்களோ என்று கலீஃபா வினவினார்கள். தாங்கக்கூடியதையே விதித்தோம் என்று அவர்கள் விடை கூறினர். கலீஃபாவுக்கு மனம் அடங்கவில்லை. நன்றாகப் பாருங்கள் என்று மீண்டும் வற்புறுத்தினார்கள். அல்லாஹ் தமக்கு ஆயுளைத் தந்தால், இராக்கின் விதவைகள் தமக்குப் பின் எவரிடமும் கையேந்தாத நிலையை உருவாக்கப்போவதாகவும் கூறினார்கள். அதன்பின் நான்கு நாள்கள்கூட முழுமையாகக் கழியவில்லை. அவர்கள் தாக்கப்பட்டு ஷஹீதானார்கள். பேரரசின் தலைவர் ஒருவரின் இறுதி நாள்களில் அவர் உள்ளத்தை உறுத்திய கவலை, தொலைதூர உழவன் ஒருவனின் வயல்மீது ஏறிய பாரம்!

நிலச் சந்தைக்கு இட்ட வேலி

நிலம் உழவர்களிடம் விடப்பட்டதும், கையில் பணமுள்ள சிலர் அதை விலைக்கு வாங்க முற்பட்டனர். உத்பா இப்னு ஃபர்கத் (ரழி) ஃபுராத் நதிக்கரையில் நிலம் வாங்கியிருந்தார். யாரிடமிருந்து வாங்கினீர் என்று உமர் (ரழி) கேட்க, அதன் உரிமையாளர்களிடமிருந்து என்று அவர் பதிலளித்தார். முஹாஜிர்களும் அன்ஸாரிகளும் கூடியபோது அவர்களைச் சுட்டிக்காட்டி, உரிமையாளர்கள் இதோ இருக்கிறார்கள், இவர்களிடமா வாங்கினீர் என்று கலீஃபா வினவினார்கள். இல்லை என்றார். அப்படியானால் விற்றவரிடமே நிலத்தைத் திருப்பித் தந்து உம் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் என்று தீர்ப்பளித்தார்கள்.

நிலத்தை வாங்கி முடக்கி வைப்பதற்கும் இடமில்லாமல் போயிற்று. தரிசு நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்பது நபிமொழி. ஆனால் கல் நட்டு எல்லை வகுத்துவிட்டுப் பயிரிடாமல் போட்டவருக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் உரிமை இல்லை என்று உமர் (ரழி) அறிவித்தார்கள். நபி (ஸல்) அவர்களே பிலால் இப்னுல் ஹாரிஸ் (ரழி) அவர்களுக்கு வழங்கியிருந்த அகீக் நிலம் பெரும்பரப்பு உடையது. உம்மால் பயிரிட முடிந்ததை வைத்துக்கொண்டு மீதியைத் தாரும் என்று கூறி, எஞ்சியதை மக்களுக்குப் பங்கிட்டார்கள்.

எளியவருக்கு முதலிடம்

அரசின் உதவி யாருக்கு முதலில் சேர வேண்டும்? பொது மேய்ச்சல் நிலத்தின் காவலராக ஹுனை என்பவரை நியமித்தபோது உமர் (ரழி) இட்ட கட்டளையில் விடை உள்ளது. சில ஆடுகளும் சில ஒட்டகங்களும் மட்டுமே உடையவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகிய செல்வர்களின் மந்தைகளை விடாதே என்றார்கள். காரணமும் கூறினார்கள்: செல்வரின் கால்நடை அழிந்தால் அவருக்குத் தோப்பும் வயலும் உண்டு, ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என்னிடம் வந்து நிற்பான், அன்று பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இன்று புல்லும் நீரும் கொடுப்பது எனக்கு எளிது. உதவியின் பெரும்பகுதியைப் பெருநிலக்காரரே பெற்றுக்கொள்ளும் இன்றைய மானியத் திட்டங்களுக்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமா?

உமையாக்கள் ஆட்சியில் இப்பிடி தளர்ந்தது. கலீஃபா வலீத் காலத்தில் ஸவாதின் கரைகள் உடைந்தன. சீரமைக்க 30 லட்சம் திர்ஹம் ஆகும் என்ற மதிப்பீடு வந்தபோது அரசு தயங்கியது. கலீஃபாவின் சகோதரர் மஸ்லமா தாமே அத்தொகையைச் செலவிட்டு, நீரில் மூழ்கிய தாழ்நிலங்களைத் தமக்குப் பெற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்துச் சிறு நிலக்காரர்களும் வரி அதிகாரிகளுக்கு அஞ்சித் தம் நிலங்களை அவர் பாதுகாப்பில் ஒப்படைத்தனர். இவ்வழக்கத்துக்குத் ‘தல்ஜிஆ’ என்று பெயர். பாதுகாப்புத் தேடி ஒப்படைத்த நிலம் நாளடைவில் பாதுகாத்தவரின் சொத்தாகவே மாறிவிடும்.

ஹிஜ்ரி 99-இல் பொறுப்பேற்ற உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் பழைய வேலியை மீண்டும் கட்டினார்கள். ஹிஜ்ரி 100-க்குப் பின் கராஜ் நிலத்தை வாங்குவதைத் தடுத்தார்கள். விளைந்த நிலத்தின் வரியைத் தரிசின்மீது ஏற்றக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார்கள். இராக்கின் ஆளுநர் அப்துல் ஹமீத், உரியவர்களுக்கு உதவித்தொகை கொடுத்த பின்னும் பைத்துல்மாலில் பணம் மிஞ்சியிருப்பதாக எழுதியபோது, கடனாளிகளின் கடனை அடைக்கும்படி பதில் வந்தது. மேலும் மிஞ்சியது, மணமுடிக்க வசதியற்றோருக்கு உதவும்படி பதில் வந்தது. அதன் பின்னும் மிஞ்சியது. கராஜ் செலுத்தும் முஸ்லிமல்லாத உழவர்களில் முதலின்றி நலிந்தோருக்கு, நிலத்தைப் பயிரிடும் வலிமை பெறும் அளவு கடன் கொடுங்கள்; அவர்கள் நமக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு மட்டும் வேண்டியவர்கள் அல்லர் என்று எழுதினார்கள். அபூஉபைத் (ரஹ்) அவர்களின் கிதாபுல் அம்வால் இதைப் பதிவு செய்துள்ளது.

பின்னர் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காகக் கிதாபுல் கராஜை எழுதிய தலைமை நீதிபதி அபூயூஸுஃப் (ரஹ்), இந்நெறிகளைச் சட்டமாகத் தொகுத்தார்கள். விலை வீழ்ந்தாலும் விளைச்சல் குன்றினாலும் மாறாத பணவரி உழவனை அழிக்கும். ஆகவே விளைச்சலில் ஒரு பங்கைப் பெறுவதே நீதி என்றார்கள். ஏற்றமிட்டு இறைக்கும் நிலத்துக்கு, ஆறு தானே பாயும் நிலத்தைவிடக் குறைந்த பங்கை விதித்தார்கள். வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதைக் கடுமையாக மறுத்தார்கள். பெருங்கால்வாய்கள், நதிக்கரைகள், மதகுகள் ஆகியவற்றின் செலவு பைத்துல்மாலைச் சேர்ந்தது என்றும் வரையறுத்தார்கள்.

வேலி சரிந்தபோது

இந்த அறிவுரைகள் நூலில் நிலைத்தன, ஆட்சியில் நிலைக்கவில்லை. பஸ்ராவைச் சுற்றிப் பெருநிலக்காரர்கள் அடிமைகளைக் கொண்டு உப்புப் படிந்த மண்ணைச் சுரண்டி அகற்றச் செய்தனர். அந்தக் கொடுமையிலிருந்து கிளர்ந்த ஸன்ஜ் எழுச்சி கி.பி. 869 முதல் 883 வரை தென் இராக்கை உலுக்கியது. கி.பி. 937 அளவில் இப்னு ராயிக் என்னும் தளபதி, எதிரியின் படையைத் தடுப்பதற்காக நஹ்ரவான் கால்வாயையே உடைத்துவிட்டார். கி.பி. 945-இல் பக்தாதைக் கைப்பற்றிய புவைஹிகள், படைவீரர்களுக்குச் சம்பளத்துக்கு ஈடாக நிலவருவாயை எழுதிக்கொடுத்தனர். நிலத்தோடு வேறெந்தப் பிணைப்பும் இல்லாத அவர்கள் அதைக் கறந்து பாழாக்கிவிட்டு, வேறு நிலம் கேட்டு வந்ததை வரலாற்றாசிரியர் மிஸ்கவைஹி விவரிக்கிறார். வாய்க்கால்கள் தூர்ந்தன, குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடினர். மங்கோலியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸவாதின் நலிவு தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் அந்நியர் அல்லர்.

நம் கையில் உள்ளவை

நாம் ஆட்சியாளர்கள் அல்லர். ஆயினும் நம் குடும்பங்களின் கையில் நிலமும் பணமும் உள்ளன. வயல் வைத்திருப்போர், ஆறும் மழையும் விளைவித்ததில் பத்தில் ஒரு பங்கும், செலவிட்டு இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒரு பங்கும் ஜகாத்தாகக் கடமையாகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதன் அளவும் பயிர் வகையும் மத்ஹபுகளுக்கிடையே வேறுபடுவதால், அறுவடைக்குமுன் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நன்று. ஒருவரின் நிலத்தை ஒத்திக்குப் பிடித்து, கொடுத்த பணம் முழுமையாகத் திரும்பும்வரை விளைச்சலையும் அனுபவிப்பது, கடனைக் கொண்டு ஆதாயம் பெறுவதாகும் என்று உலமாக்கள் பலர் எச்சரித்துள்ளனர். இடர்ப்பட்ட உழவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதற்கு உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் கடிதம் முன்மாதிரியாக இருக்கிறது. அங்கே கடன் பெற்றவர்கள் முஸ்லிமல்லாதவர்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால்கள் விதைப்புக் காலத்தில் சிறு தொகையை இவ்வாறு ஒதுக்கினால், நகையை அடகு வைக்க ஓடும் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிரும்.

விளைநிலத்தை மனையாகப் பிரித்து விற்கும் முடிவை எடுக்குமுன்பும், வாங்கிய நிலத்தை விலை ஏறட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தரிசாகப் போடுமுன்பும், அல்ஹஷ்ர் அத்தியாயத்தை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதிப் பார்ப்போம். நமக்குப் பின் வருபவர்களைப் பற்றி அங்கே பேசப்பட்டுள்ளது.

நம் பொருளீட்டலை ஹலாலாக்கி, நம் பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் உரியதைப் பேணிக்காக்கும் நல்லுணர்வை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.