வாயாடிச் சொற்களின் வரலாறு

அதிகம் பேசுபவரைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கருத்தைப் பாடமாக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போகிறார்கள். ஆனால், ஒவ்வொரு சொல்லும் வந்த வழி வேறு.

'டோக்கட்டிவ்' 15ஆம் நூற்றாண்டுச் சொல். பேச்சைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு லத்தீன் விகுதி ஒன்று ஒட்டிப் பிறந்தது. பேச விருப்பமுள்ளவர், அவ்வளவுதான். பெரிய குற்றச்சாட்டு இல்லை.

'கெரலஸ்' 17ஆம் நூற்றாண்டில் வந்தது. இதன் லத்தீன் மூலத்துக்குப் பிதற்றுதல் என்று பொருள். அதனால் ஒன்றுமில்லாத விடயத்தை அலட்டிக்கொண்டே இருப்பவருக்குத்தான் இது பொருந்தும்.

'லொக்குவேஷியஸ்' அதே நூற்றாண்டில் வந்தது. பேசுதல் என்ற லத்தீன் வினையே இதன் வேர். தங்குதடையின்றிப் பேசுபவர். இதில் ஏளனம் குறைவு.

'வேர்போஸ்' எழுத்துக்கும் பொருந்தும். ஒரு வரியில் முடிவதை ஒரு பக்கத்துக்கு இழுப்பது.

இவற்றையெல்லாம் விட யோசிக்க வைப்பது நாம் தினமும் சொல்லும் 'கொசிப்'. பழைய ஆங்கிலத்தில் இது 'கொட்சிப்'. இறைவனின் பெயரால் உறவானவர் என்று பொருள். கிறிஸ்தவக் குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானப் பெற்றோராக நிற்பவரை அப்படி அழைத்தார்கள். உடன்பிறந்தோரைக் குறிக்கும் 'சிப்லிங்' என்ற சொல்லிலும் இருப்பது அதே 'சிப்'தான். பிறகு அது நெருங்கிய தோழியையும், பிரசவத்தின்போது தாய்க்குத் துணையாக இருந்த பெண்களையும் குறித்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியில் ஞானப் பெற்றோர் என்ற பழைய பொருளும் இருக்கிறது. பிரசவ வீட்டுப் பெண்களைப் போலக் கதை காவித் திரிபவர் என்ற பொருளும் இருக்கிறது. வேதனை நேரத்தில் பக்கத்தில் இருந்தவளின் பெயர் வசையாகிவிட்டது.

விடயம் சொல்லோடு நிற்கவில்லை. அயலவரோடு ஓயாமல் வாய்ச்சண்டை பிடிக்கும் பெண் 'கொமன் ஸ்கோல்ட்' என்று இங்கிலாந்தில் குற்றவாளியாக்கப்பட்டாள். நாற்காலியில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்துவதும் அதற்கான தண்டனைகளில் ஒன்று. தண்டனை வழக்கொழிந்த பிறகும் அந்தக் குற்றம் 1967 வரை சட்டத்தில் இருந்தது.

பெற்றோர்களே, வகுப்பில் நிறையப் பேசும் மகனை 'நல்ல பேச்சாளர்' என்கிறோம். அதே அளவு பேசும் மகள் 'வாயாடி'. அடுத்த முறை அந்தச் சொல் வாயில் வரும்போது, அவள் என்ன பேசினாள் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.