ஸ்டெப்னி: ஒரு தெருப் பேர் நம்ம டிக்கிக்கு வந்த கதை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன வாரம் எபிசோடு வரல, ஏன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணத்தைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன், இன்னைக்குக் கதையும் அங்கதான் தொடங்குது.

திருச்சிக்குப் போயிட்டு ராத்திரி சென்னைக்குத் திரும்பிட்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்துல, ரோட்டுல கிடந்த ஏதோ இரும்புத் துண்டு மேல முன் சக்கரம் ஏறிடுச்சு. டயரோட பக்கவாட்டுல மூணு விரல் நீளத்துக்குக் கிழிசல். வண்டி நண்பரோடது, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. முன்னால லாரியை ஓரங்கட்டியிருந்த டிரைவர் ஒருத்தர் இறங்கி வந்து, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ஸ்டெப்னிய எடுங்க சார், பத்து நிமிஷ வேலை"ன்னார்.

டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினா, ஸ்டெப்னி இல்ல. காத்தடிக்கிற சின்ன பம்பு ஒண்ணு, ஒரு பாட்டில்ல பசை மாதிரி ஒரு திரவம். அவ்வளவுதான். அந்தத் திரவம் ஆணி குத்தின ஓட்டையை அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது ஒண்ணும் பண்ணாது. லாரிக்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஸ்டெப்னி இல்லாமலா சார் வண்டி விக்கிறாங்க?"னு கேட்டார். எங்ககிட்ட பதில் இல்ல. இழுத்துட்டுப் போற வண்டி வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அந்த நாலு மணி நேரத்துல என் மண்டைக்குள்ள சுத்திட்டிருந்தது அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். ஸ்டெப்னி. இது தமிழ் இல்ல, அது தெரியும். ஆனா எந்த இங்கிலீஷ்காரர்கிட்டயாவது போய் ஸ்டெப்னின்னு சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் முழிப்பாங்க. லண்டன்ல அந்தப் பேர்ல ஒரு பகுதி இருக்கு, அதைச் சொல்றீங்களான்னு கேட்பாங்க. நம்ம ஸ்டெப்னி அங்கேயிருந்து வரல. அது வேல்ஸ் நாட்டுல, லனெத்லி அப்படிங்கிற ஊர்ல இருக்கிற ஒரு தெரு. ஊர் பேரை வேல்ஸ்காரங்க சொல்ற மாதிரி நம்ம நாக்குக்கு வராது, மன்னிச்சுக்கோங்க.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவாகணும். ஆரம்ப கால கார்கள்ல ஏன் மாற்றுச் சக்கரம் இல்ல? யாருக்கும் தோணலையான்னு கேட்டா, அது பிரச்சனையே இல்ல. சக்கரத்தைக் கழட்டவே முடியாது, அதான் பிரச்சனை.

1888-ல பெல்ஃபாஸ்ட்ல ஜான் பாய்ட் டன்லப்னு ஒரு கால்நடை மருத்துவர் தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்குக் காத்து அடைச்ச டயர் பண்ணினார். 1895-ல பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயத்துல, மிஷெலின் சகோதரர்கள் அந்த மாதிரி டயரை ஒரு காருக்கு மாட்டி ஓட்டிக் காட்டினாங்க. வழி முழுக்கப் பஞ்சர். கடைசியாத்தான் வந்து சேர்ந்தாங்க. ஆனாலும் காத்து டயர் சுகம் பார்த்தவன் கட்டை டயருக்குத் திரும்ப மாட்டான். அதனால கார்களுக்குக் காத்து டயர் வந்துடுச்சு. சக்கரம் மட்டும் பழைய குதிரை வண்டி பாணியிலேயே நின்னுடுச்சு: மர ஆரக்கால், நடுவுல குடம், அந்தக் குடத்துக்குள்ளேயே பேரிங்கு, கிரீஸ். சக்கரத்தைக் கழட்டுறதுன்னா பேரிங்கையே பிரிக்கணும். பின் சக்கரம் அச்சோட இறுகியிருக்கும். அதையெல்லாம் பட்டறையில வெச்சுத்தான் பண்ண முடியும், நடு ரோட்டுல முடியாது.

அப்போ பஞ்சர் ஆனா என்ன பண்ணுவாங்க? சக்கரம் வண்டியிலேயே இருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி, கடப்பாரைக்குத் தம்பி மாதிரியான நெம்புகோல்களை வெச்சு டயரோட விளிம்பை ரிம்மிலிருந்து நெம்பணும். உள்ளே கையை விட்டு டியூபை உருவணும். ஓட்டையைக் கண்டுபிடிச்சு ஒட்டணும், இல்லேன்னா வேற டியூபு போடணும். திரும்ப டயரை நெம்பி ஏத்தணும், அப்போ டியூபை நெம்புகோல் கடிச்சுடும், மறுபடி முதல்லயிருந்து. எல்லாம் முடிஞ்சா கைப்பம்புல காத்து. மழைன்னா மழையில, சேறுன்னா சேத்துல. ரோடு முழுக்கக் குதிரை லாடத்து ஆணி கிடந்த காலம் வேற. ஒரே பயணத்துல ரெண்டு மூணு பஞ்சர் யாருக்கும் ஆச்சரியமில்ல.

இங்கதான் லனெத்லி வருது. தகரத் தகடு ஆலைகள் நிறைஞ்ச ஊர், 'டின்னோபொலிஸ்'னு பட்டப் பேரே உண்டு. இரும்பு, தகடு, ரிவிட்டுன்னு கையாளப் பழகின ஜனங்க. அந்த ஊர்ல தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ்னு ரெண்டு சகோதரர்கள். 1904-ல அவங்க யோசிச்சது ரொம்ப எளிமையான ஒண்ணு. சக்கரத்தைக் கழட்ட முடியலையா? கழட்டாதே. பஞ்சரான சக்கரம் அங்கேயே இருக்கட்டும். அதுக்குப் பக்கத்துலேயே, வெளிப்பக்கமா, இன்னொண்ணை ஒட்டிவெச்சுக் கட்டிடு.

அவங்க பண்ணினது முழுச் சக்கரம்கூட இல்ல. ஆரக்கால் கிடையாது, குடம் கிடையாது. வெறும் இரும்பு வளையம், அது மேல ஏற்கெனவே காத்தடிச்ச டயர். வளையத்துல கொக்கி மாதிரி பிடிகள், திருகி இறுக்குற பிடிகள். வண்டியைத் தூக்கு, வளையத்தைப் பழைய ரிம்மோட சேர்த்துப் பிடி, திருகு, இறக்கு, கிளம்பு. ஒரு மணி நேர வேலை சில நிமிஷத்துல முடிஞ்சது. பழைய டயர் காத்தில்லாம பக்கத்துல தொங்கிட்டே வரும், பார்க்க நல்லாயிருக்காது. வேகமாவும் போக முடியாது. ஆனா வீடு வந்து சேரலாம்.

கடை இருந்தது ஸ்டெப்னி தெரு. அந்த ஊர்ப் பக்கம் நிலபுலன் வெச்சிருந்த ஸ்டெப்னி ஜமீன் குடும்பத்தோட பேர் அந்தத் தெருவுக்கு. குடும்பப் பேர் தெருவுக்குப் போய், தெருப் பேர் கம்பெனிக்குப் போய், கம்பெனிப் பேர் சக்கரத்துக்குப் போச்சு. சில வருஷத்துலயே ஐரோப்பா, அமெரிக்கா, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் எங்கேயும் விற்பனை. லண்டன் டாக்ஸி எல்லாத்துலயும் எங்க சக்கரம்தான்னு 1909-ல கம்பெனியே சொல்லிக்கிச்சு. விளம்பரம்தானே, கொஞ்சம் கழிச்சுக்கலாம்.

அதே சமயத்துல பிரான்ஸ்ல வேற வழி யோசிச்சாங்க. 1906-ல லெ மான் ஊர்ல நடந்த முதல் கிராண்ட் ப்ரீ. ரெண்டு நாள், மொத்தம் 1,200 கிலோமீட்டருக்கு மேல. கடும் வெயில், தார் உருகுது, கல்லு தெறிக்குது, டயர் போயிட்டே இருக்கு. ஓட்டுநரும் கூட வர்ற மெக்கானிக்கும் தவிர வேற யாரும் வண்டியில கை வைக்கக் கூடாதுன்னு விதி. ரெனோ கம்பெனி வண்டியை ஓட்டின பெரென்ட்ஸ் சீஸ், ஹங்கேரிக்காரர், மிஷெலின் தந்த புது ரிம்மோட வந்தார். டயரும் ரிம்மும் சேர்ந்தே கழண்டு வரும், சில நட்டைத் தளர்த்தினா போதும். மத்தவங்க டயரைக் கத்தியால அறுத்து எடுத்துட்டிருந்தப்போ இவர் மாட்டிட்டுக் கிளம்பிட்டார். ரெண்டாவதா வந்த வண்டிக்கும் அதே ரிம்தான், ஆனாலும் சீஸ் அரை மணி நேரத்துக்கு மேல முந்தி ஜெயிச்சார்.

அடுத்த படி 1908. காவென்ட்ரி ஊர்ல சைக்கிள் பண்ணிட்டிருந்த ரட்ஜ் - விட்வொர்த் கம்பெனியில ஜான் பியூ, சக்கரத்தையே முழுசாக் கழட்டுற கம்பிச் சக்கரத்துக்கு வழி பண்ணினார். குடமும் பேரிங்கும் வண்டியிலேயே தங்கிடும், சக்கரம் மட்டும் அது மேலேர்ந்து உருவிட்டு வந்துடும். என்னைக் கேட்டா, இந்தக் கதையில பெரிய கண்டுபிடிப்பு இதுதான். இன்னைக்கு நீங்க நாலஞ்சு நட்டைக் கழட்டி சக்கரம் மாத்துறீங்களே, அந்த நட்டுக்கு இந்தப் பக்கம் சக்கரம், அந்தப் பக்கம் குடம். அந்தப் பிரிவினை நடக்கிற வரைக்கும் மாற்றுச் சக்கரம் வெச்சிருந்தும் பிரயோஜனமில்ல.

எல்லாருக்கும் உடனே கிடைச்சதும் இல்ல. ஃபோர்டு மாடல் டி, லட்சக்கணக்குல வித்த வண்டி, அதுக்கே கழண்டு வர்ற ரிம் 1919-லதான் வந்தது. 1909-ல ஆலிஸ் ராம்சேன்னு 22 வயசுப் பொண்ணு, நியூயார்க்லயிருந்து சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் 59 நாள் கார் ஓட்டிட்டுப் போனாங்க. வழியில 11 டயர் மாத்த வேண்டியிருந்ததாம். மாத்தினது எப்படிப்பட்ட வேலைன்னு இப்போ உங்களுக்குத் தெரியும். கூட வந்த மூணு பெண்களுக்கும் ஓட்டத் தெரியாது.

சக்கரமே கழண்டு வர ஆரம்பிச்சதும் டேவிஸ் சகோதரர்களோட வளையத்துக்கு வேலை போச்சு. முதல் உலகப் போர் முடிஞ்ச சில வருஷத்துல அது பழைய சாமான். பேர் மட்டும் சாகல. வேல்ஸ்லயும் இங்கிலாந்துலயும் மறந்துட்டாங்க, அவங்களுக்கு 'ஸ்பேர் வீல்' சொன்னாலே அர்த்தம் புரியுமே. நமக்கு ஸ்பேரும் புரியாத சொல், ஸ்டெப்னியும் புரியாத சொல். எது முதல்ல பெட்டியில எழுதி வந்ததோ அது நின்னுடுச்சு. வனஸ்பதின்னா டால்டா, நகல்னா ஜெராக்ஸ், அதே மாதிரிதான். வங்காளத்துலயும் ஸ்டெப்னி, மால்டா தீவுலயும் ஸ்டெப்னி, பிரேசில்ல போர்ச்சுகீஸ் பேசுறவங்க 'எஸ்டெபி'ன்னு சொல்றாங்க.

இன்னொரு காரணமும் இருக்குன்னு நினைக்கிறேன். அந்தக் காலத்துல காரோட முதலாளி பஞ்சர் பார்க்க மாட்டார், மரத்தடியில நிப்பார். மண்டி போட்டது டிரைவரும் கிளீனரும். சொல் அவங்க வாயிலதான் வளர்ந்தது. வளர்ந்த இடத்துல அசிங்கமும் ஒட்டிக்கிச்சு: கல்யாணத்துக்கு வெளியே ஒருத்தன் வெச்சிருக்கிற பெண்ணுக்கும் இதே பேரை நம்ம ஆட்கள் சர்வ சாதாரணமாச் சொல்றாங்க. தேவைக்கு எடுத்து மாட்டுற பொருள்னு ஒரு மனுஷியைச் சொல்றது எவ்வளவு கேவலம்னு சொல்றவனுக்கு உறைக்கிறதில்ல.

சரி, அந்த லாரிக்காரரோட கேள்விக்கு வர்றேன். ஸ்டெப்னி இல்லாம விக்கலாமா? விக்கலாம். 2020 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினது. 3.5 டன்னுக்கு மேல போகாத வண்டியில டியூப்லெஸ் டயர், டயர் காத்தழுத்தம் காட்டுற கருவி, பஞ்சர் கிட்டு மூணும் இருந்தா மாற்றுச் சக்கரம் கட்டாயமில்ல. இடம் மிச்சம், மின்சார வண்டியில பெரிய பேட்டரி வைக்கலாம்னு காரணம் சொன்னாங்க. நியாயமான காரணம்தான், மறுக்கல. பெரும்பாலான பஞ்சர் ஆணி குத்தி வர்றது, அதுக்கு அந்தப் பாட்டில் போதும். ஆனா இரும்புத் துண்டுக்கும், குழியில அடிச்சு வெடிச்ச டயருக்கும் பாட்டில் பதில் சொல்லாது. அந்த நேரத்துல நாம 1904-க்கு முன்னாடி போய் உட்கார்ந்துடறோம். நெம்புகோல்கூட இல்லாம.

உங்க வண்டியில ஸ்டெப்னி இருந்தா, இன்னைக்கே அதுல காத்து பாருங்க. வருஷக்கணக்கா யாரும் பார்க்காம அதுவே சப்பிப் போய்க் கிடக்கும். மாத்த வேண்டி வந்தா, வண்டியைத் தூக்குறதுக்கு முன்னாடியே நட்டுகளை அரைத் திருகு தளர்த்திடுங்க, தூக்கினப்புறம் சக்கரம் கூடவே சுத்தும். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வெச்சுக்கோங்க. மாட்டினதும் ஒரு நட்டு விட்டு எதிர் நட்டு, அப்படி மாத்தி மாத்தி இறுக்குங்க. இறக்கினப்புறம் இன்னொரு தடவை. ஸ்டெப்னி மத்த சக்கரத்தைவிட ஒல்லியா இருந்தா, மேல எழுதியிருக்கிற வேகத்தைப் பாருங்க, பெரும்பாலும் 80.

நண்பர் அப்புறம் தன் வண்டிக்குச் சக்கரம் ஒண்ணு தனியா வாங்கிட்டார், ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் சேர்த்து. டிக்கியில அதுக்குன்னு பள்ளம் கிடையாது. அதனால நடுவுல படுக்க வெச்சு, கயித்தால கட்டி, மேல போர்வை போட்டிருக்கார். பெட்டி வைக்க இடமில்லைன்னு வீட்டுல திட்டு வாங்கிட்டிருக்கார்.