கெம்பாஸ் கல்லும் ஒரு மாணவனின் கணக்கும்



பழைய நாகரிகங்களைப் பற்றிக் கேட்டால் நம் பிள்ளைகள் உடனே எகிப்தியப் பிரமிடுகளையும் மொகஞ்சதாரோவையும் சொல்கின்றனர். வேற்றுக்கிரகவாசிகள் வந்து கட்டிக் கொடுத்த கதையையும் சேர்த்தே சொல்கின்றனர். கைப்பேசி கற்றுக் கொடுத்த பாடம் அது. ஆனால், மஸ்ஜித் தானாவிலிருந்து லுபோக் சீனா வழியாக ஆற்றைக் கடந்து நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்தால், சிறிது நேரத்தில் பெங்காலான் கெம்பாஸ் வந்துவிடும் என்பதும் அங்கே ஒரு மர்மம் நின்றுகொண்டிருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. உண்மையைச் சொன்னால், ஆசிரியராகிப் பல ஆண்டுகள் வரை எனக்கும் தெரியாது.

லிங்கி ஆற்றை ஒட்டிய அவ்வூரில் செங்குத்தாக நாட்டப்பட்ட பெருங்கற்கள் உள்ளன. அவற்றுள் மூன்றை மக்கள் வாள், கரண்டி, சுக்கான் என்று பெயரிட்டு அழைக்கின்றனர். வாள் எனப்படும் கல்லில் 'அல்லா' என்னும் சொல் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. இத்தகைய கற்களை மலாய்க்காரர்கள் 'பத்து ஹிடுப்', அதாவது உயிருள்ள கல், என்பர். அவை ஆண்டுதோறும் வளர்வதாக ஒரு நம்பிக்கை. நம் அலோர் காஜா மாவட்டத்திலும் பல கம்பங்களில், ரப்பர் மரங்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் இடையில் இப்படிப்பட்ட கற்கள் நிற்கின்றன. யார் நாட்டினர், எப்போது நாட்டினர், இறந்தோர் நினைவுக்கா, வேறு சடங்குக்கா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. தமிழகத்திலும் பெருங்கற்காலச் சின்னங்களும் நடுகற்களும் ஏராளம். அதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டு, இவை நம்மவர் நட்டவை என்று பெருமை பேசிவிட முடியாது. கல்லை நட்டு வைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது.

அந்த வளாகத்தில் ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் கல்லறையும் உண்டு. அதன் அருகிலுள்ள கல்தூணில் இரு வகை எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று அரபு எழுத்தில் அமைந்த மலாய். மற்றொன்று பழைய காவி எழுத்து. காவி எழுத்தின் மூலத்தைத் தேடிச் சென்றால் பல்லவர் கால எழுத்தில் போய் நிற்போம். காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர்களைத்தான் சொல்கிறேன். மலாக்காவை சுல்தான் மன்சூர் ஷா (1459-1477) ஆண்ட காலத்துக் கல்வெட்டு இது. இஸ்லாம் வேரூன்றிவிட்ட காலத்திலும் பழைய எழுத்தை அறிந்த கைகள் இங்கே இருந்திருக்கின்றன. மஜ்னுனைப் புனிதர் என்பாரும் உளர். சுல்தானை எதிர்த்துக் கலகம் செய்தவர் என்பாரும் உளர்.

இதை வகுப்பில் சொன்னபோதுதான் அந்தச் சங்கடம் நேர்ந்தது. அரபு எழுத்துப் பகுதியில் ஹிஜ்ரி 872 என்றும், காவி எழுத்துப் பகுதியில் சக ஆண்டு 1385 என்றும் உள்ளதைக் கரும்பலகையில் எழுதினேன். சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும் என்றும் ஹிஜ்ரி 872 என்பது 1467-இல் தொடங்குகிறது என்றும் விளக்கினேன். பின்வரிசை மாணவன் ஒருவன், கணிதத்தில் எப்போதும் தடுமாறுபவன், கையை உயர்த்தினான். "டீச்சர், 1385-உம் 78-உம் 1463தானே? நான்கு ஆண்டு இடிக்கிறதே. ஒரே கல்லில் எப்படி டீச்சர்?"

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். ஒன்று அவர் இறந்த ஆண்டாகவும் மற்றொன்று கல் நாட்டிய ஆண்டாகவும் இருக்கலாமா? செதுக்கியவர் பிழை செய்தாரா? பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. வேற்றுக்கிரகவாசிகளை ஒருவரும் அழைக்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அந்தக் கல் நிற்பதால்தான் அந்தக் கேள்வி பிறந்தது. கல் இல்லாமல் போனால்? கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 2013-ஆம் ஆண்டு அதுதான் நடந்தது. சோழ மன்னன் இராசேந்திரன் 1025-இல் படையெடுத்த கடாரம் என்று நாம் பெருமையோடு பேசும் நிலம் அது. அங்கே சுங்கை பத்துவில் இருந்த 11-ஆம் எண் சண்டி, அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாகக் கருதப்பட்ட ஒரு வழிபாட்டிடத்தின் அடித்தளம், நில மேம்பாட்டுப் பணியின்போது இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. செய்தி வெளிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தனியார் நிலம், மரபுடைமை இடமாக அரசிதழில் பதியப்படவில்லை என்று விளக்கம் வந்தது. இத்தனைக்கும் 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழாய்வு செய்த காலத்திலிருந்து அந்தப் பள்ளத்தாக்கு உலக அறிஞர்கள் அறிந்த இடம். புக்கிட் பத்து பகாட் சண்டியை 1959-60-இல் அலஸ்டர் லேம்ப் கல் கல்லாக எண்ணி மீண்டும் எழுப்பினார். அதைப் பார்த்தவர்களுக்கு 11-ஆம் எண்ணின் இழப்பு எத்தகையது என்பது விளங்கும்.

பிறரைக் குறைகூறும் முன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நான் படித்த தோட்டப் பள்ளி இடம் மாறியபோது, பழைய கட்டடத்தின் திறப்பு விழாக் கல்லை யாரும் பெயர்த்து எடுத்து வரவில்லை. கூலிப் பணத்தில் நன்கொடை தந்த பால்மரத் தொழிலாளர்களின் பெயர்கள் அதில் இருந்தன. என் தாத்தாவின் பெயரும் இருந்ததாக அப்பா சொல்வார். இன்று அவ்விடத்தில் செம்பனை நிற்கிறது. அந்தக் கல்லை ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லையே என்று எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுக் கல் மிஞ்சியிருக்க, நம் கல்லுக்கு ஓர் ஆயுள்கூடக் கிட்டவில்லை.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், பழம்பொருள் எனத் தோன்றும் எதையேனும் கண்டெடுப்பவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மாவட்ட அதிகாரியிடமே தெரிவிக்கலாம். நிலம் திருத்தும்போதோ கால்வாய் வெட்டும்போதோ ஏதேனும் தட்டுப்பட்டால், இருந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து கழுவி வைத்தால், எந்த மண்ணில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற செய்தி போய்விடும்.

பள்ளி விடுமுறையில் கெம்பாஸுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் திட்டமிட்டுள்ளேன். வர விரும்பும் பெற்றோர் எனக்குத் தெரிவியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கல்லில் சுண்ணக்கட்டியைத் தேய்க்க வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் போதும். பின்வரிசை மாணவன் இப்போதே பெயர் கொடுத்துவிட்டான். ஆண்டுக் கணக்கு எழுதிய தாளையும் கொண்டு வரப் போகிறானாம், கல்லோடு வைத்துச் சரிபார்க்க.