தாழ்ந்த பின்பக்கமும் இலேசான முன்சக்கரமும்

பிக்கப் வண்டியில் டிரெய்லரைப் பூட்டியதும் பின்பக்கம் தாழ்கிறது, மூக்கு மேலே எழும்புகிறது. ஸ்பிரிங்குக்குத் தெம்பு போதவில்லை என்று இதைப் பார்த்தவர் எவருக்கும் தோன்றும். அமெரிக்காவில் இந்த எண்ணத்தை நம்பியே ஒரு தொழில் முக்கால் நூற்றாண்டாக நடந்துவருகிறது. கூடுதல் ஸ்பிரிங் பட்டை, ரப்பர் காற்றுப்பை, காற்றடைத்த ஷாக் அப்சார்பர் என்று பின்பக்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் சரக்கு அங்கே விதவிதமாக விற்கிறது. அதே காலத்தில் இன்னொரு வழியும் வளர்ந்தது. அது ஸ்பிரிங்கைத் தொடாமல், பாரம் எந்தச் சக்கரத்தில் போய் இறங்குகிறது என்பதை மாற்றியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: கண்ணில் படுகிற தாழ்வுக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட, கண்ணில் படாத முன்சக்கரத்தின் இலேசுக்கு வாகன உலகம் நெடுங்காலம் காட்டவில்லை.

கணக்கு எளிது. மாட்டு வண்டியில் பாரம் பின்னுக்குப் போனால் நுகத்தடி காளையின் கழுத்தைவிட்டுத் தூக்கும். அதனால்தான் வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரம் வைத்து ஏற்றுவார். டிரெய்லரும் அப்படித்தான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும். 2,500 கிலோ டிரெய்லருக்கு 12 விழுக்காடு என்றால் 300 கிலோ. இந்த 300 கிலோ பின் அச்சின் மேல் நேராக இறங்கினால் சிக்கலில்லை. கொக்கி இருப்பதோ அச்சுக்குப் பின்னால். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3.6 மீட்டர், கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு வண்டி முழுவதும் ஒரு நெம்புகோலாகிவிடும். முன் அச்சு 100 கிலோ இழக்கும். பின் அச்சில் 300 அல்ல, 400 கிலோ கூடும். ஸ்டியரிங்கைத் திருப்புவது முன்சக்கரம். பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கும் அதனுடையதே. வளைவில், மழைச்சாலையில், இறக்கத்தில் நம்ப வேண்டிய சக்கரம்தான் இங்கே பிடிமானத்தை இழக்கிறது.

இந்த நெம்புகோலை முதலில் உணர்ந்தவர்கள் ஸ்பிரிங் செய்தவர்கள் அல்லர். 1914இல் டெட்ராய்ட் மரவணிகர் பிரெடரிக் சிப்லி, தம் படகைக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்று கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃபிடம் கேட்டார். அவர் ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் பூட்டும்படி செய்து தந்த வண்டியிலிருந்து செமி டிரெய்லர் தொழில் கிளைத்தது. டிரெய்லரின் முன்பாதிப் பாரத்தை இழுக்கும் வண்டியின் பின் அச்சின் மேலேயே உட்காரவைப்பது அந்த அமைப்பின் சாரம். விமானம் கட்டிப் புகழ்பெற்ற கிளென் கர்ட்டிஸ் 1920களின் இறுதியில் செய்த ஏரோகார் டிரெய்லரும் அதே வழியில் போனது. அதன் இணைப்பு காரின் பின்முனையில் தொங்கவில்லை. காரின் உடலுக்குள்ளேயே கிடைமட்டமாகப் பொருத்திய விமானச் சக்கரத்தில் வந்து அமர்ந்தது. இன்று பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள் பூட்டும் ‘ஐந்தாம் சக்கர’ டிரெய்லர்களுக்கும் இதுவே தத்துவம். நெம்புகோலின் கையை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிட்டால் முன்சக்கரம் எடை இழக்காது.

ஆனால் சந்தை வேறு பக்கம் நடந்தது. 1925இல் ஃபோர்டு 281 டாலருக்கு மாடல் டி பிக்கப்பை விற்றபோது அது பண்ணைக்கும் கடைக்கும் ஆன வண்டி. 1936இல் வாலி பையம் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் டிரெய்லரைக் கொண்டுவந்த காலத்தில், வீட்டையே இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகும் பழக்கம் பரவியிருந்தது. போர் முடிந்த 1945இல் தொடங்கிய யூ-ஹால், டிரெய்லரை வாடகைக்கு எடுப்பதைச் சாதாரணக் குடும்பத்தின் காரியமாக்கியது. எந்தக் காரிலும் சட்டென்று பூட்டிக்கொள்ளும் வசதி இருந்தால்தான் இவையெல்லாம் ஓடும். காருக்குள் விமானச் சக்கரம் வைக்க யார் சம்மதிப்பார்கள்? பம்பரை ஒட்டிய பின்முனைக் கொக்கியே வழக்கமானது. மலிவும் வசதியும் அதற்குச் சாதகம். அதற்கான விலையை முன்சக்கரம் கொடுத்தது.

தாழ்ந்த பின்பக்கத்தைத் தூக்கிவிடும் தொழில் இந்தப் பின்னணியில்தான் தழைத்தது. மிச்சிகனின் லான்சிங் நகரில் 1949இல் தொடங்கிய ஏர் லிஃப்ட், சுருள் ஸ்பிரிங்கின் உள்ளே செருகும் காற்றுப்பையை விற்றது. அதே மாநிலத்து மன்ரோ நிறுவனம் ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் மாட்டி ‘லோட் லெவலர்’ என்று சந்தைக்கு விட்டது. 1960இல் ஷெவர்லே தன் பிக்கப்புகளில் முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிட்டு, பின்னால் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் வைத்தது. பிக்கப் அப்போது பண்ணையைவிட்டுக் குடும்பத்தின் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. காரைப்போல மெத்தென்று போக வேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்த்தார். மெத்தென்ற ஸ்பிரிங் பாரம் ஏறினால் கூடுதலாகத் தாழும். 1973 மாடலில் ஷெவர்லே பட்டைக்கே திரும்பியது; 2009 மாடலில் ராம் 1500 பிக்கப் மறுபடியும் சுருளுக்குப் போனது; 2013 மாடலில் அதே வண்டிக்குக் காற்று சஸ்பென்ஷனும் கிடைத்தது. சொகுசுக்கும் சுமைக்கும் நடுவில் அரை நூற்றாண்டு ஊசலாட்டம் இது. ஆனால் எந்த முனைக்குப் போனாலும் மேலே சொன்ன 400 கிலோவும் 100 கிலோவும் மாறவில்லை. பின்பக்கம் சமமாக நிற்கும். பின் அச்சில் அதே 400 கூடியிருக்கும், முன் அச்சில் அதே 100 குறைந்திருக்கும். தாழ்ச்சியின் அளவை ஸ்பிரிங் தீர்மானிக்கும். எந்த அச்சில் எவ்வளவு எடை என்பதை நெம்புகோல்தான் தீர்மானிக்கும்.

எடையையே இடம்மாற்றும் கருவி 1950களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. இண்டியானாவின் எல்க்ஹார்ட்டைச் சேர்ந்த ரீஸ் அதில் பெயர்பெற்ற நிறுவனம். கொக்கியின் தலைப்பகுதியிலிருந்து வளைந்துகொடுக்கும் இரண்டு எஃகுக் கம்பிகள் டிரெய்லர் சட்டத்தின் இருபுறமும் பின்னோக்கிப் போகும். அவற்றின் நுனியைச் சங்கிலியால் மேலே இழுத்துச் சட்டத்தில் மாட்டுவார்கள். இழுத்துக் கட்டிய கம்பி கொக்கியைத் திருகும். அந்தத் திருகல் வண்டியின் மூக்கைக் கீழே அமுக்கும். நம் கணக்கில், கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சுக்கு 5 மீட்டர் என்று கொண்டால், முன் அச்சு இழந்த 100 கிலோவை முழுவதும் திருப்பும்போது சுமார் 60 கிலோ டிரெய்லர் அச்சுக்குப் போய்விடும். பின் அச்சின் கூடுதல் 400இலிருந்து ஏறத்தாழ 240 ஆகக் குறையும். பின்பக்கமும் தானாகவே எழும். இங்கே தாழ்வு மறைவது விளைவு மட்டுமே. நடந்த காரியம் எடை இடம்பெயர்ந்தது. மட்டமாக நிற்பதும் எடை சரியாக இருப்பதும் வெவ்வேறு என்பதற்கு எதிர்த்திசைச் சான்றாக 1955 மாடல் பேக்கர்டு காரைச் சொல்லலாம். வில்லியம் ஆலிசன் வடிவமைத்த அதன் சஸ்பென்ஷனில் நீண்ட முறுக்குக் கம்பிகள் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைத்தன. பாரம் ஏறியதும் சில நொடி பொறுத்து ஒரு மின்மோட்டார் வண்டியை மட்டமாக்கியது. அற்புதமான பொறியியல்தான். ஆனால் பின்னால் தொங்கும் பாரம் முன் அச்சிலிருந்து பறித்த எடையை வண்டிக்குள்ளேயே இருக்கும் எந்த மோட்டாராலும் திருப்பித்தர முடியாது. அதற்கு டிரெய்லரையும் பிடித்து இழுக்கும் ஒரு கை வேண்டும்.

அப்படியானால் காற்றுப்பையும் கூடுதல் பட்டையும் வீணா என்று கேட்கலாம். வீணல்ல. சரக்குத் தொட்டியில், பின் அச்சின் மேலாக ஏற்றும் பாரத்துக்கு அவையே சரியான மருந்து. அங்கே நெம்புகோல் இல்லை. டிரெய்லர் இழுக்கும்போதும் அச்சு சட்டத்தில் இடிக்காமல் காப்பதும், வானத்தைப் பார்க்கும் ஹெட்லைட்டைச் சாலைக்கு இறக்குவதும் அவற்றின் நியாயமான வேலைகள். இரண்டாவது மறுப்பு இன்னும் ஆபத்தானது: டிரெய்லரில் சரக்கைப் பின்னுக்குத் தள்ளினால் முன்பாரம் குறைந்து தாழ்வு போய்விடுமே என்பது. போய்விடும்; ஆனால் வேகமெடுத்ததும் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், ஆட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். சரக்கில் 60 விழுக்காடு டிரெய்லரின் முன்பாதியில் இருக்கட்டும் என்று யூ-ஹால் வாடிக்கையாளருக்குச் சொல்வது இதனால்தான். மூன்றாவது மறுப்புக்குக் காது கொடுத்தே ஆக வேண்டும்: கம்பியை இறுக்கிக்கொண்டே போவது எப்போதும் நல்லதா? இல்லை. முன்சக்கரத்துக்கு அளவுக்கு மீறி எடையைத் திருப்பினால் பின்சக்கரத்தின் பிடிமானம் குறைந்து, திடீர்த் திருப்பத்தில் வால்பக்கம் விலகும். பழைய அறிவுரை வண்டி மட்டமாகும்வரை இறுக்கச் சொன்னது. இன்றைய பல பிக்கப் கையேடுகள் இழந்த எடையில் ஏறக்குறைய பாதியைத் திருப்பினால் போதும் என்கின்றன. அதாவது சரியாகப் பூட்டிய வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே நிற்கலாம்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் அளந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டி இவ்வளவு இழுக்கும் என்று தானே அறிவித்துக்கொண்ட காலத்துக்கு முடிவுகட்ட, அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 2008இல் ஜே2807 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. முதலில் ஏற்ற டொயோட்டா தன் டன்ட்ரா பிக்கப்பின் இழுவை அளவைக் குறைத்தே அறிவிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. இழுவிசை மட்டும் போதாது, பாரத்தோடு திரும்பும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும் என்பதைத் தொழில் ஏற்றுக்கொண்டதற்கு இது சாட்சி.

ஆகவே காற்றுப்பை வாங்கும் முன் எடைமேடைக்குப் போங்கள். டிரெய்லர் இல்லாமல் ஒருமுறையும் பூட்டியபின் ஒருமுறையும் முன் அச்சைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். எடை மேடை எட்டாத இடத்தில், முன்சக்கர வளைவின் உயரத்தை ஒரு டேப்பால் அளந்தாலே போதும்: பூட்டியபின் எவ்வளவு எழுந்தது, கம்பியை இறுக்கியபின் எவ்வளவு இறங்கியது என்று அது சொல்லிவிடும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்தது என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.