வேலிப் பொட்டு: இலங்கையும் நேபாளமும்

ஆனையிறவில் ஏ9 வீதியும் தண்டவாளமும் பக்கம் பக்கமாகக் கடலேரியைக் கடக்கின்றன. வீதி சீனக் கடனில் திருத்தப்பட்டது. தண்டவாளத்தை இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் மீளப் போட்டது. இருவரிடமும் வாங்கு, ஒருவரையும் பகைக்காதே என்ற கொழும்பின் வெளிநாட்டுக் கொள்கையை வன்னியில் இப்படி நின்ற இடத்திலேயே பார்த்துவிடலாம். இந்தியாவின் மற்றொரு சிறிய அயல்நாடான நேபாளமும் இதையே முயன்றது.

புதுடில்லி இரண்டு நாடுகளையும் நெருக்கியிருக்கிறது. 1987 ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்துக்கு நிவாரணம் ஏற்றிவந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளைப் போட்டன. இரண்டு மாதத்துக்குள், ஜூலை 29 அன்று, ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நேபாளம் 2015 செப்டம்பரில் புதிய அரசியலமைப்பைப் பிரகடனம் செய்ததும் எல்லையில் லொறிகள் நின்றன. பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் மருந்தும் மாதக்கணக்கில் தட்டுப்பாடாயின. தான் மறிக்கவில்லை, தராய் சமவெளியின் மதேசி மக்களது போராட்டமே காரணம் என்றது இந்தியா.

அயலவர் வந்த வழி இரண்டிடத்திலும் ஒன்றுதான். எங்கள் பக்கம் வேலியில் விழுந்த ஓட்டையைப் பொட்டு என்போம். இலங்கையில் அந்தப் பொட்டு தமிழர் பிரச்சினை; நேபாளத்தில் தராய் சமவெளி மதேசிகளின் மனக்குறை. அரசுகள் தாங்களே அடைக்காமல் விட்டவை அவை. நெருக்குதலுக்குப் பிறகு இரண்டும் அரசியலமைப்பைத் திருத்தின: இங்கே 1987 நவம்பரில் 13ஆம் திருத்தம், அங்கே 2016 ஜனவரியில் முதலாம் திருத்தம்.

வேறுபாடு புவியியலில் இருக்கிறது. நேபாளத்துக்குக் கடல் இல்லை. 2016 மார்ச்சில் பிரதமர் ஒலி பெய்ஜிங் சென்று சீனத் துறைமுகங்களுக்கு வழி கேட்டு ஒப்பந்தம் செய்தார். ஆனால் தியான்ஜின், கொல்கத்தாவைவிட மிகத் தொலைவு, நடுவே இமயமலை. இலங்கைக்கோ நாற்புறமும் கடல். பேரம் பேச இடமுண்டு. 2022இல் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில், இந்தியா முகம் சுளித்தும், யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. பிறகு 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்குக் கொழும்பு ஓராண்டுத் தடை போட்டது. ஒருவருக்கு ஒன்று கொடுத்தால் மற்றவருக்கும் ஒன்று.

இந்தச் சாமர்த்தியம் கொழும்புக்கு உதவியது. வன்னியின் கிளிநொச்சிக்கு? ஐந்தரை இலட்சம் ரூபாய் வீதம் இந்திய வீட்டுத்திட்டம் கிடைத்தது. 2013 செப்டம்பர் 14 அன்று யாழ்தேவி ரயில் வந்தது. அடுத்த வாரமே, 13ஆம் திருத்தத்தின்படி அமைந்த வடமாகாணசபைக்கு முதல் தேர்தல். ரயில் இன்றும் ஓடுகிறது. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஆட்சி ஆளுநர் கைக்குப் போனது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் அந்தச் சபையிடம் ஒருநாளும் வந்து சேரவில்லை. மதேசிகள் கேட்ட மாகாண எல்லையும் முதலாம் திருத்தத்தில் கிடைக்கவில்லை.

இரு பெரியவர்களுக்கு நடுவே எப்படி நடப்பது என்று சிறிய நாடுகள் நிறையவே யோசிக்கின்றன. தன் வளவு வேலியை முதலில் அடைத்திருந்தால் அந்த யோசனையில் பாதி மிச்சமாகியிருக்கும்.